கழுத்தா, கையா, வயிறா?

போன மாதம் சேலம் அம்மாபேட்டையிலிருந்து நண்பன் ஒருவன் போன் செய்தான். அவனுடைய அம்மாவுக்கு கிரியேட்டினின் (கிட்னி பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 5.8. "இன்னும் மூணு நாலு மாசத்துல டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டி வரலாம், இப்பவே கையில ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ணி வெச்சுக்கங்கன்னு டாக்டர் சொல்றாருடா. ஆனா எங்க தெருவுல ஒருத்தர் கழுத்துல டியூப் வெச்சே ரெண்டு வருஷமா ஓட்டறாராம். ஊசியே கிடையாதாம். அம்மா அதையே போட்டுக்கறேங்கறாங்க. நீ என்ன சொல்ற?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, ஆனால் மூன்றரை வருடமாக டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் பெர்ம்கேத், அதாவது கழுத்துச் சிரைக்குள் விட்டு நெஞ்சில் வெளியே வரும் டயாலிசிஸ் குழாய். ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கும் மாமா பையனுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தது. எங்கள் தெருவிலேயே ஓர் அக்கா வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தாயிற்று. அவனுக்கு அன்று அரைமணி நேரம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கருத்து. பெர்ம்கேத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு, பெர்ம்கேத்தில் மாட்டிக்கொள்வது வேறு. இதயம் தாங்காது, கையில் நரம்பு இல்லை என்று பார்த்து, யோசித்து, பெர்ம்கேத்தே போதும் என்று முடிவெடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் அப்பாவே அப்படித்தான். ஆனால் நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் முடிவே எடுக்கவில்லை. "ஆடி போகட்டும், தை பொறக்கட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று நாள் கடத்தி, ஒருநாள் ராத்திரி மூச்சு வாங்கி, அவசரத்தில் கழுத்தில் ஒரு லைன் போட்டு, அதற்கப்புறம் அதையே மாற்றி மாற்றிப் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்கு 300 மில்லி அளவுக்கு ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, திரும்ப உள்ளே போக வேண்டும், அதுவும் நாலு மணி நேரம் விடாமல். நம் கையில் மேலாகத் தெரியும் நரம்பால் (நரம்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், சரியாகச் சொன்னால் சிரை) அவ்வளவு ரத்தம் தர முடியாது. தமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) வேகம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, வாரத்துக்கு மூன்று முறை குத்த முடியாது. இந்தச் சிக்கலுக்கு நியூயார்க் பிராங்க்ஸில் பிரெஷியா, சிமினோ, அப்பெல் என்ற டாக்டர்கள் கண்டுபிடித்து 1966-ல் வெளியிட்ட வழிதான் ஃபிஸ்டுலா: மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவது. தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் சிரை தடித்து, சுவர் கெட்டியாகி, ஊசி தாங்கும் குழாயாக மாறிவிடும். வெளிப்பொருள் எதுவும் உடம்புக்குள் இல்லை. அறுபது வருடமாகியும் இதைவிட நல்லதாக ஒன்று வரவில்லை.

இதை எழுத்தில் விளக்குவதைவிடத் தொட்டுப் பார்த்தால் புரியும். மாமா பையனின் கையில் முதல்முறை விரல் வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. டயாலிசிஸ் அறையில் இதை த்ரில் என்பார்கள். எங்கள் அப்பா சிவதாபுரத்தில் நாற்பது வருடம் கொலுசுப் பட்டறையில் இருந்தவர், அவர் தொட்டுப் பார்த்துவிட்டு "பாலிஷ் மோட்டாராட்டம் கிர்ருங்குதேடா" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் மாமா பையன் செய்யும் முதல் வேலை, வலது கை விரலை இடது மணிக்கட்டில் வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான். ஓடவில்லை என்றால் அன்றே, அந்த மணிக்கே கிளம்பிவிட வேண்டும். அடைத்த ஃபிஸ்டுலாவைச் சீக்கிரம் போனால் சில சமயம் மீட்டுவிடலாம், இரண்டு நாள் கழித்துப் போனால் கஷ்டம்.

ஃபிஸ்டுலாவின் பெரிய குறை, அது உடனே வேலைக்கு வராது. ஆபரேஷன் சின்னதுதான், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் குத்தும் அளவுக்குச் சிரை தடிப்பதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். ஆறு என்ற எண்ணை வைத்து டாக்டர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஆறு வாரத்தில் பார்த்தால் குழாய் 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம். இது இருந்தால் குத்தலாம். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 877 பேரை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், புதிதாகப் போட்ட ஃபிஸ்டுலாக்களில் பத்துக்கு ஆறு, சில மாதம் கழித்தும் டயாலிசிஸுக்குச் சரியாக உதவவில்லை. வயதானவர்கள், பல வருடச் சர்க்கரைக்காரர்கள், நரம்பு மெலிந்தவர்களுக்குத் தோற்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறார்கள். முதல் ஒன்று கைகொடுக்காவிட்டால் முழங்கையில் இன்னொன்று போட்டுப் பார்க்க அவகாசம் வேண்டும் அல்லவா.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். இருபது வருடச் சர்க்கரை. கிரியேட்டினின் ஏறுகிறது என்று தெரிந்தும் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டோம், அது எங்கள் தவறு. நடுவில் நிமோனியா வந்து ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) பத்து நாள் படுத்திருந்தார். அங்கே இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வென்ஃப்ளான் (குளுக்கோஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) ஏற்றினார்கள், தினமும் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்தார்கள். கிட்னி நோயாளிக்கு அந்த நரம்புகள்தான் நாளைய சொத்து என்று அங்கே யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. அப்புறம் இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டபோது முதல் வாரம் லேசாக அதிர்ந்தது, ஒன்பதாம் நாள் காலை நின்றுபோனது. டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தவர், தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, சிரையோ பழைய ஊசித் தழும்புகளால் சுருங்கிக் கிடக்கிறது என்றார்.

ஆகவே இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது கிரியேட்டினின் ஏற ஆரம்பித்த நாளிலிருந்தே, அதிகம் பழக்கமில்லாத கையில், வலதுகைக்காரர் என்றால் இடது கையில், ரத்தம் எடுக்க விடாதீர்கள், குளுக்கோஸ் ஏற்ற விடாதீர்கள். கட்டாயம் என்றால் மற்ற கையின் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். லேப் பையன் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

இப்போது பெர்ம்கேத். கழுத்தில் வலது பக்கம் ஓடும் பெரிய சிரைக்குள் ஒரு மெத்தென்ற இரட்டைக் குழாயை விட்டு, அதன் முனை இதயத்தின் வலது மேலறை வரை போகும்படி வைப்பார்கள். மறுமுனை, தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி கொஞ்ச தூரம் ஓடி, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில் வெளியே வரும். அந்தச் சுரங்கத்துக்குள் குழாயைச் சுற்றி ஒரு துணிப்பட்டை இருக்கும், கஃப் என்பார்கள். சில வாரங்களில் சதை அதில் ஒட்டி வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும், வெளியிலிருந்து கிருமி உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். அவசரத்தில் கழுத்தில் போடும் தற்காலிக லைனுக்கு இந்தச் சுரங்கமும் இல்லை, பட்டையும் இல்லை. அதைக் கழுத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தொடையில் போட்டால் இன்னும் குறைந்த நாள்தான். அதை ஒன்றரை மாதம் வைத்துக்கொண்டு வந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். இரண்டையும் "கழுத்து டியூப்" என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. நண்பன் தெருக்காரர் இரண்டு வருடமாக ஓட்டுவது பெர்ம்கேத்தாகத்தான் இருக்க வேண்டும்.

பெர்ம்கேத்தின் சௌகரியத்தை மறைக்க வேண்டியதில்லை. இன்று போட்டால் இன்றே டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசி குத்தும் வேதனை கிடையாது. ஃபிஸ்டுலா ஊசி சாதாரண ஊசி மாதிரி இல்லை, பார்த்தாலே சிலருக்கு மயக்கம் வரும். முடிந்ததும் பத்து பதினைந்து நிமிடம் ஊசித் துளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலையும் இல்லை. சிவப்பு மூடி, நீல மூடி, மெஷினில் மாட்டு, முடிந்ததும் ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) விட்டு மூடு, அவ்வளவுதான். அப்பாவுக்கு இதயம் 30 சதவீதம்தான் பம்ப் செய்கிறது. முழங்கையில் இன்னொரு ஃபிஸ்டுலா போடலாமா என்று கேட்டபோது, அது தமனி ரத்தத்தைக் குறுக்கு வழியில் இதயத்துக்குத் திருப்பிவிடுவதால் இருக்கிற பலவீனமான இதயத்துக்குச் சுமை கூடும், வேண்டாம் என்று இதய டாக்டரும் கிட்னி டாக்டரும் சேர்ந்தே சொன்னார்கள். அன்று எடுத்த முடிவு அது. இன்றுவரை வருத்தமில்லை.

வருத்தமில்லை என்றால் கஷ்டமில்லை என்று அர்த்தமில்லை. போன வருடம் ஆடிப் பதினெட்டு. மேட்டூர் போய் முழுக்குப் போட வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அதெல்லாம் முடியவே முடியாது என்று தடுத்தோம். சரி, வீட்டிலாவது தலைக்கு ஊற்றிக்கொள்கிறேன் என்று, நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டுவிட்டார். டிரெஸ்ஸிங் ஓரம் நனைந்திருந்தது. மேலே ஒரு பிளாஸ்டரை ஒட்டி யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். நாலு நாள் கழித்து டயாலிசிஸ். மெஷினில் போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர். இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டு ஆடுகிறார். வீட்டில் இருந்தவரை காய்ச்சல் ஒன்றுமில்லை. குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கிருமியை மெஷின் ஓடும்போது ரத்தம் அடித்துக்கொண்டு உள்ளே போவதால்தான் டயாலிசிஸ் நேரத்தில் இப்படி உதறும் என்று டெக்னீஷியன் தம்பி சொன்னார். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வந்தது. குழாயை எடுத்து வேறு போட்டார்கள், நாலு வாரம் ஆன்டிபயாட்டிக், இதய வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்டதா என்று எக்கோ. இரண்டு சொம்புத் தண்ணீரால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அப்பாவே நெஞ்சுக்கு மேல் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி.

பெர்ம்கேத்தின் முதல் எதிரி இந்தத் தொற்று. ஃபிஸ்டுலாவோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து பல மடங்கு. இரண்டாவது, ஓட்டம். குழாய் முனையைச் சுற்றிச் சவ்வு மாதிரி படிந்துவிடும், அல்லது உள்ளே ரத்தம் உறைந்துவிடும், அப்புறம் மெஷின் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். கழுத்தை இடதுபக்கம் திருப்புங்க ஐயா, இருமுங்க ஐயா, என்று பாதி நேரம் போகும். உறைவைக் கரைக்கும் மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சரியாகாவிட்டால் குழாயை மாற்ற வேண்டியதுதான். ஓட்டம் குறைந்தால் சுத்தமாவதும் குறையும். நம் பக்கம் நிறையப் பேர் வாரத்துக்கு மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். அதிலும் ஓட்டம் குறைவு என்றால் கால் வீக்கமும் பசியின்மையும் போகவே போகாது. மூன்றாவது விஷயம் மெதுவாக வருவது: பெரிய சிரைக்குள் வருடக்கணக்கில் குழாய் உரசிக்கொண்டிருந்தால் அந்தச் சிரையே சுருங்கிவிடும். முகமும் கையும் வீங்கும். அந்தப் பக்கக் கையில் பின்னால் ஃபிஸ்டுலா போட்டாலும் ரத்தம் வடிய வழி இருக்காது. காறை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையில் போட்டால் இந்த ஆபத்து இன்னும் அதிகம், அதனால் அதைத் தவிர்க்கிறார்கள். வலது கழுத்தில் பெர்ம்கேத், இடது கையில் ஃபிஸ்டுலா என்று பிரித்து வைப்பதும் இதனால்தான்.

பெர்ம்கேத்தோடு வாழ்பவர் வீட்டில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மூடி கழன்றாலோ கிளாம்ப் திறந்துகொண்டாலோ, குழாயை உடனே மடித்து விரலால் இறுக்கிப் பிடித்து, தலையைத் தாழ்த்தி இடது பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும், காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. குழாய் முழுதாக வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியால் நெஞ்சுத் துளையையும், அது சிரைக்குள் போன கழுத்து இடத்தையும் சேர்த்து அழுத்திக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூடியைத் திறக்கும்போது நர்ஸும் மாஸ்க் போட வேண்டும், நோயாளியும் போட வேண்டும். போடாமல் திறக்க வந்தால் கேளுங்கள். அப்பா கேட்பார், "தம்பி, மூஞ்சிய மூடு" என்பார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

மாமா பையன் கதை வேறு. வயது 38, ரத்த அழுத்தத்தால் கிட்னி போனவன், சர்க்கரை கிடையாது, காபித் தோட்டத்தில் வேலை செய்த கை, நரம்பெல்லாம் கயிறு மாதிரி. அவனுக்கு ஃபிஸ்டுலாவைத் தவிர வேறு எதைப் பற்றியும் டாக்டர் பேசக்கூட இல்லை. முதலில் பெர்ம்கேத் வைத்து ஆரம்பித்தார்கள், அதே வாரத்தில் மணிக்கட்டு ஆபரேஷன், பத்து வாரத்தில் ஊசி, அப்புறம் பெர்ம்கேத்தை எடுத்துவிட்டார்கள். பெர்ம்கேத்தைப் பாலமாகப் பயன்படுத்துவது என்றால் இதுதான். நரம்பு தடிக்கட்டும் என்று பஞ்சுப் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தால்கூடப் பிசைந்துகொண்டே இருப்பான்.

அவனுக்குக் கிடைத்த டயாலிசிஸ் இடம் சேலத்தில், முதல் ஷிஃப்ட். விடியும் முன்னால் மஞ்சுக்குள் பைக்கில் ஏற்காடு வந்து, பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். போகும்போது பரவாயில்லை. நாலு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை உறிஞ்சி எடுத்த உடம்போடு அதே வளைவுகளில் ஏறுவதுதான் கொடுமை. ஒருமுறை பஸ்ஸில் ஊசித் துளை திறந்துகொண்டு சட்டைக் கை முழுக்க ரத்தம். பக்கத்து சீட் அம்மா பயந்து துண்டால் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டப் பார்த்திருக்கிறார், அது தவறு, ஃபிஸ்டுலாவே அடைத்துக்கொள்ளும். துளைக்கு நேராக விரலை வைத்து அழுத்தினால் போதும். அவன் அப்படியே அடிவாரத்தில் இறங்கி, மரத்தடியில் இருபது நிமிடம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறான். இப்போதெல்லாம் முடிந்ததும் உடனே கிளம்புவதில்லை, அஸ்தம்பட்டியில் எங்கள் அத்தை வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்து சாயங்காலம்தான் மலையேறுகிறான்.

ஃபிஸ்டுலா கைக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, காபி மூட்டை தூக்கக் கூடாது. அறுவடைக் காலத்தில் மூட்டை தூக்காத ஆளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? அவன் இப்போது கணக்கெழுதுகிறான், கூலி குறைவு. இதைப் பற்றி எந்த டாக்டரும் முதலில் பேசுவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்: இவர் என்ன வேலை செய்கிறார், எந்தக் கையால் செய்கிறார் என்று. தறிக்காரருக்கும் கொலுசுப் பட்டறைக்காரருக்கும் கை என்பது வெறும் கை இல்லை. சிலருக்கு ஃபிஸ்டுலா போட்ட பிறகு விரல் நுனி சில்லென்று ஆகி வலிக்கும், ரத்தம் குறுக்கு வழியில் போய்விடுவதால். கம்பி முறுக்கிச் சலங்கை மணி பற்றவைக்கும் விரலுக்கு அது ஆகாது. அப்படி வந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கிராஃப்ட் என்று இன்னொன்று உண்டு. சொந்த நரம்பு சரியில்லாதவர்களுக்குத் தமனிக்கும் சிரைக்கும் நடுவே ஒரு செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் வைப்பது. இரண்டு மூன்று வாரத்தில் குத்தலாம். அடைப்பு அடிக்கடி வரும், தொற்று ஃபிஸ்டுலாவைவிட அதிகம், பெர்ம்கேத்தைவிடக் குறைவு. நான் உட்கார்ந்திருந்த மூன்றரை வருடத்தில் கிராஃப்ட் வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஃபிஸ்டுலா இல்லை என்றால் பெர்ம்கேத் மட்டும்தான் என்று யாராவது சொன்னால், கிராஃப்ட் ஏன் ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயிற்று டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி., மலைக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய், அதன் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிட வேண்டும், நாளுக்கு மூன்று நான்கு முறை. மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம், பஸ் வேண்டாம். எங்கள் தெரு அக்கா கிரைண்டர் கடையில் உட்கார்ந்தே வாழ்க்கையை ஓட்டுகிறார், மதியம் ஒருமுறை உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி மாற்றிக்கொண்டு வருகிறார். மாதத்துக்கு 90 பைக்கு மேல் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும், வைக்கச் சுத்தமான இடம் வேண்டும். வடியும் திரவம் கலங்கலாக இருந்தால், வயிறு வலித்தால், வயிற்றுக்குள் தொற்று என்று அர்த்தம், அன்றே போக வேண்டும். பழைய வயிற்று ஆபரேஷன்களும் ஹெர்னியாவும் இருப்பவர்களுக்குச் சிக்கல். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் ஒரு பகுதி. மாமா பையனுக்கும் இதைச் சொல்லிப் பார்த்தோம். ஒரே அறை வீடு, விறகடுப்பு, மழைக்காலத்தில் ஓதம், நீங்களே சொல்லுங்கள் என்றான். அதற்குமேல் பேசவில்லை.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிப் பதிய வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் டயாலிசிஸ் உண்டு. ஆபரேஷன் கட்டணம் வேறு, குழாய் விலை வேறு, டாப்ளர் வேறு என்று பில் பிரியும் இடங்கள் இருக்கின்றன. எது அட்டையில் வரும், எது கையிலிருந்து என்று முன்னாலேயே கவுன்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெர்ம்கேத் ஒருமுறை செலவு என்று நினைக்காதீர்கள். அப்பாவுக்கு இது மூன்றாவது குழாய். தொற்று வந்த மாதம் ஆன செலவு அதற்கு முந்தைய ஆறு மாதச் செலவுக்குச் சமம்.

ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஃபிஸ்டுலாதான் முதலில் என்று அமெரிக்காவில் இயக்கமாகவே நடத்தினார்கள். அங்கே தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2019 வழிகாட்டுதல் அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தி, அந்த நோயாளியின் ஆயுள், வேலை, விருப்பம், மாற்றுக் கிட்னி கிடைக்குமா என்பதையெல்லாம் வைத்து ஆளுக்கு ஒரு திட்டம் போடச் சொல்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. கிட்னி கொடுக்க மனைவியோ அண்ணனோ தயாராக இருந்து, டெஸ்ட் எல்லாம் முடிந்து, சில மாதத்தில் மாற்று ஆபரேஷன் என்றால் பெர்ம்கேத் போதும், கையைக் கிழிக்க வேண்டாம். 80 வயதுப் பாட்டிக்கு, இருக்கும் கொஞ்ச காலம் ஊசி வலி இல்லாமல் போகட்டும் என்று குடும்பம் நினைத்தால் அதுவும் சரிதான். இதயம் பலவீனமானவர், இரண்டு கையிலும் முயன்று தோற்றவர், இவர்களுக்கும் பெர்ம்கேத்தே கதி, அதை நன்றாகப் பராமரித்தால் வருடக்கணக்கில் ஓடும். ஆனால் ஐம்பது அறுபது வயதில், இதயம் நன்றாக இருந்து, கையில் நரம்பும் இருந்து, ஊசிக்குப் பயந்து மட்டும் பெர்ம்கேத் கேட்பவருக்கு நான் ஆமாம் போட மாட்டேன். ஊசி பயம் ஒரு மாதத்தில் போய்விடும். மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது, குத்தும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றிக் குத்தினால் ஒரே இடம் புடைத்துக்கொள்ளாமலும் இருக்கும்.

நண்பனிடம் கடைசியாக இரண்டு கேள்வி கேட்டேன். அம்மாவுக்கு எக்கோ எடுத்தாயா? எடுத்தாயிற்று, இதயம் பம்ப் செய்வது 60 சதவீதம், அது நல்ல அளவுதான். சர்க்கரை? இல்லை, பி.பி. மட்டும். அப்படியானால் இந்த வாரமே இரண்டு கைக்கும் டாப்ளர் எடு, தை வரைக்கும் தள்ளாதே என்றேன். தறிக்குத் தார், அதாவது நூல், சுற்றும் அவனுடைய அம்மா பின்னாலிருந்து, "அந்தக் கையால தார் சுத்தலாமா, கேளு" என்றார். தையல் பிரித்து, புண் ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டுச் சுற்றலாம், அந்தக் கையால் நூல் மூட்டை மட்டும் தூக்கக் கூடாது என்றேன், சரி என்றார், நம்பிய மாதிரி தெரியவில்லை.

நேற்று அவன் படம் அனுப்பியிருந்தான். டாப்ளர் ரிப்போர்ட், இடது முழங்கையில் சிரை 3.1 மில்லிமீட்டர், ஆபரேஷன் அடுத்த புதன். கிரியேட்டினின் பார்க்க ரத்தம் எடுக்க வந்த பையன் வழக்கம்போல இடது கையைப் பிடித்திருக்கிறான். அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வலது புறங்கையை நீட்டினாராம், "இங்க எடு சாமி, அது வேலைக்கு வேணும்" என்று.